மே மாதத்து நிறம்

ஓபதாயா வின்டில் பூட்ஸ் காலோடு
என் சீஸ்களின் மேல் நடக்கிறார்.
லண்டன் வியாபாரிகளின் வழக்கம் அது:
ஆள் பாரத்துக்கு அமுங்கினால் உள்ளே பொள்ளல்,
தாங்கினால் காசு.
மாடியறைத் தரையில் எண்பத்திரண்டு சக்கரங்கள்.
கதவோரம் நின்று நான்
அவர் கண்களையே பார்க்கிறேன்.
கால் ஏமாறாது.
கண்ணுக்குத்தான் இத்தனை சமையலும்.

செவர்ன் வெள்ளம் வடிந்த புல்வெளியில்
மே மாதம் எங்கள் பசுக்கள்
கழுத்து நிமிராமல் மேயும்.
புல்லுக்குள் ஒரு மஞ்சள் இருக்கிறது,
பச்சைதான் அதை மூடி வைத்திருக்கிறது.
பசுவின் வயிற்றில் அது பச்சையை உதறிவிட்டுக்
கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும்.
டம்ப்ளிங் என்றொரு கிழட்டுப் பசு இருந்தது.
அதன் பாலை அகலச் சட்டியில் இரவெல்லாம் வைத்தால்
காலையில் ஏடு
வேலியோரப் பூ மாதிரி மினுங்கும்.
அப்படியே உறை குத்து,
சீஸ் தானாகப் பொன்.
அந்தப் பொன்னுக்கு லண்டனில்
ராத்தலுக்கு ஒரு பென்னி கூட.

ஆனால் ஏட்டுக்கும் விலை உண்டே.
சந்தை நாளில் வெண்ணெய் கேட்டு
பாதிரியார் மனைவி கூடையோடு வருவாள்.
ஜெத்ரோவுக்குக் குத்தகை பாக்கி.
ஒரே பாலை இரண்டு தரம் விற்க
ஒரு வழிதான் தெரியும் எனக்கு:
ஏட்டை வழித்து வெண்ணெய்க்கு அனுப்பு,
மிச்சத்தைச் சீஸ் என்று சொல்.
மஞ்சள் ஏட்டோடு புறப்பட்டுப் போய்விடும்.
மிஞ்சுவது
காய்ச்சலில் கிடந்தவன் உள்ளங்கால் நிறம்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் உண்டு.
வெளுத்த சீஸை நம்பிய ஒருவரை
நான் பார்த்ததில்லை.

முதலில் காரட் துருவிப் பிழிந்தேன்.
லேசாக இனித்தது, யாரும் கேட்கவில்லை.
பிறகு சாமந்தி இதழ்.
குங்குமப்பூ வாங்க நான் என்ன கோமகளா?
அப்புறம் பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து
அன்னாட்டோ வந்தது.
செங்கல் உடைசல் போல ஒரு கட்டி.
கடலுக்கு அப்பால் ஏதோ தீவில்
முள்ளுக் காயைப் பிளந்து
விதையைக் கசக்கி எடுப்பதாம்.
யார் கை கசக்கியது என்று கேட்டேன்.
விற்றவன் விலை சொன்னான்.

கல்லில் உரசு, பாலில் கரை.
ஒரு கரண்டி போதும்,
பிப்ரவரியில் மே மாதம் வந்துவிடும்.

போன குளிர்காலம்
கொட்டிலில் டம்ப்ளிங் ஈன முடியாமல் கதறிய இரவு,
ஒரு காது அங்கே இருக்க
பாதிக் கட்டியையும் கரைத்துக் கொட்டிவிட்டேன்.
எந்தப் புல்லும் தராத நிறத்தில் திரண்டது.
கொல்லன் உலையிலிருந்து எடுத்த மாதிரி.
வெட்கப்பட்டு மூலையில்
சாக்குப் போட்டு மூடினேன்.
வின்டில் சாக்கை விலக்கினார்.
முகர்ந்தார். கைத்தடியால் தட்டினார்.
"இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தீர்கள்?
இதல்லவா முழுப்பால்!"
அதன் மேல் காலே வைக்கவில்லை.

கடன் அடைந்தது.
இந்த மே மாதம், ஒரு தரமாவது என்று,
ஏடு எடுக்காமல்
ஒரு சொட்டுச் சாயம் சேர்க்காமல்
பன்னிரண்டு சக்கரம் செய்தேன்.
இப்போது அவற்றின் மேல்தான் நிற்கிறார்.
அமுங்கவில்லை.
ஒரு குதி கூடக் குதித்துப் பார்க்கிறார்.
பிறகு குனிந்து, விரலால் தடவி,
"திருமதி ஓல்பின், வரவர
ஏட்டை வழித்துவிடுகிறீர்கள் போலிருக்கிறதே."
பாதி விலை.

நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால் எத்தனை வருடத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்?
ஜன்னலுக்கு வெளியே டம்ப்ளிங்கின் கன்று
முட்டியளவு பச்சையில் நின்று
தாயில்லாமல் மேய்கிறது.

ராத்திரி விளக்கடியில்
கட்டியை எடுத்து உரசுகிறேன்.
நாளைக்கும் முழுப்பால்தான்,
வழிக்கப் போவதில்லை.
இருந்தாலும் ஒரு கரண்டி.

ஒன்றரையாக இருக்கட்டும்.